சோதிலிங்கம் லண்டன் போன நாள்

விடிந்ததிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. சோதிலிங்கம் அதற்கு எதிரே கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, பயணத்துக்கு வெளிக்கிட்டு வாகனம் வராத ஆளைப் போல உட்கார்ந்திருந்தார். மணி ஓய்ந்தால் மூச்சு விடுவார். திரும்ப அடித்தால் நிறுத்திக்கொள்வார்.

"ஒருக்கா எடுங்கோவன் அண்ணை. லண்டனில இருந்து தர்மிகாவாத்தான் இருக்கும்" என்றான் கூடக் குடியிருக்கும் ரஜிதன்.

"எடுத்து என்னத்தச் சொல்ல?"

வீட்டில் ஐந்து நாளாக அடுப்பு எரியவில்லை. பிரேதம் எடுக்கும்வரை சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சோதிலிங்கம் சொல்லிவிட்டார். பிரேதம் இருப்பது லண்டனில், அடுப்பு இருப்பது ஜெர்மனியின் பான் நகரில் என்ற பூகோளச் சிக்கலை ரஜிதன் ஒருமுறை பணிவாக எடுத்துரைத்துப் பார்த்தான். பலிக்கவில்லை. சாவீட்டுக்கு அயலவர்கள் சாப்பாடு கொண்டுவருவது வழக்கம். இங்கே அயலவர்களுக்கு அது தெரியாது. ஆகவே ரஜிதன் வேலை செய்யும் பீட்சாக் கடையே அந்தக் கடமையை நான்கு நாளும் செய்தது. இன்று கடைக்கு லீவு.

"பசியில சாகிறதோ, மணிச்சத்தத்தில சாகிறதோ எண்டு முடிவெடுக்க வேணும்" என்று ரஜிதன் சப்பாத்தைப் போட்டான். "வெளிக்கிடுங்கோ."

செத்துப்போனது சோதிலிங்கத்தின் அக்கா புஸ்பவதி. ஆறு வருசமாக அவள் தொலைபேசியில் "எப்ப வாறாய்?" என்று கேட்பாள். இவர் "கெதியில வாறன்" என்பார். அதில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. போன கிழமை புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அவளுடைய மகள் தர்மிகா ரிசீவரைக் காதில் பிடித்துக்கொடுக்க, வழக்கமான கேள்வியை அவளால் பாதிவரைதான் கேட்க முடிந்தது. மீதிக்கு வெறும் மூச்சுத்தான் வந்தது. அந்த மூச்சுக்குப் பயந்து சோதிலிங்கம் சொன்னார்: "விசா கிடைச்சிட்டுது அக்கா. அடுத்த வெள்ளிக்கிழமை வாறன்."

புஸ்பவதி அதை வார்டு முழுக்கச் சொன்னாள், தமிழ் தெரியாத தாதி உட்பட. ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடினாள். தம்பிதான் வெள்ளிக்கிழமை வாறானே என்று அத்தான் சந்திரமௌலி செத்தவீட்டையும் அந்த வெள்ளிக்கே வைத்துவிட்டார்.

சோதிலிங்கத்திடம் இருந்தது, திருப்பி அனுப்பாமல் நாட்டில் இருக்கவிடும் டுல்டுங் என்ற தற்காலிகக் கடுதாசி. அதை வைத்துக்கொண்டு பக்கத்து மாவட்டத்துக்குப் போவதற்கே அனுமதி கேட்கவேண்டும். கேட்கவும் போனார். அதிகாரி எழுந்து நின்று முறையாக அனுதாபம் தெரிவித்தார். பிறகு உட்கார்ந்து, அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வரச்சொல்லி டெர்மின் தந்தார்.

ரஜிதன் துருக்கிக் கடைக்குத்தான் கூட்டிப்போனான். தெரு மூலையில் சோதிலிங்கம் நின்றுவிட்டார். முன்பு பூக்கடை இருந்த இடத்தில் போன மாதம் ஒரு பிரித்தானிய உணவகம் திறந்திருந்தார்கள். பானில் இருந்த தலைநகரம் பேர்லினுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். பிரித்தானிய மாடுகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதிக்கொண்டிருந்த வருசம். நல்ல நேரம் பார்த்துத்தான் திறந்திருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை மேசைவிரிப்புகள், மெழுகுதிரிகள், சுவரில் லண்டன் நேரம் காட்டும் பெரிய மணிக்கூடு. ஆட்கள்தான் இல்லை.

"இதுக்குள்ள போவம்" என்றார் சோதிலிங்கம்.

ரஜிதன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். முதுகில் பீட்சா படம் போட்ட சட்டை. வாசலில் 'எங்கள் மாட்டிறைச்சி அர்ஜென்டினாவிலிருந்து வருகிறது' என்று அழகான எழுத்தில் ஒரு அட்டை தொங்கியது.

"பாத்தியளே அண்ணை? அங்கத்தை மாடு இஞ்ச வர ஏலாது. நீங்கள் அங்க போக ஏலாது. சரிசமனாத்தான் நடத்துறாங்கள்."

சோதிலிங்கம் சிரிக்கவில்லை. ரஜிதனும் அதை எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

மெனு தோல் அட்டை போட்டு வேதப்புத்தகம் போல இருந்தது. ஆடு, அதற்குப் புதினாச் சம்பல். மாட்டின் சிறுநீரகத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை'. துடக்கு வீட்டுக்காரருக்கு மச்சமாமிசம் ஆகாது என்பதை ரஜிதன் ஜெர்மன் மொழியில் விளக்கினான். பரிசாரகன் துக்கமாகத் தலையாட்டிவிட்டு, மசித்த பட்டாணியும் அவித்த உருளைக்கிழங்கும் பெரிய பீங்கானின் நடுவில் கொஞ்சம்போல வைத்துக் கொண்டுவந்தான். ஓரத்தில் ஒரு இலை கிடந்தது.

"உப்பும் துக்கம் கொண்டாடுது" என்றான் ஒரு வாய் வைத்துப் பார்த்த ரஜிதன்.

சோதிலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரை. ஒரு மணிக்குப் பெட்டி வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். சுடலையில் குறித்த நேரம் தவறினால் இனி அடுத்த கிழமைதானாம்.

ரஜிதன் முள்ளுக்கரண்டியை வைத்தான். பகிடிக் குரல் போய்விட்டது. "அண்ணை, நீங்கள் சொல்லாட்டி அதுகள் பெட்டியைத் திறந்து வச்சுக்கொண்டு வாசலைப் பாத்துக்கொண்டு நிக்குங்கள். அந்த மனிசியை இன்னும் எவ்வளவு நேரம் காக்க வைக்கப் போறியள்?"

சோதிலிங்கம் எழுந்தார். கல்லாவில் நின்றவள்தான் முதலாளி, இங்கிலாந்துக்காரி. அவளிடம் தனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்: தொலைபேசி, லண்டன், அக்கா, சாவு. அவள் ஒன்றும் கேட்காமல் தொலைபேசியை அவர் பக்கம் திருப்பினாள்.

எண்ணைச் சுழற்றினார். ஐந்து நாளாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வசனம் அவரிடம் தயாராக இருந்தது. நான் வரேல்லை. விசா கிடைக்கேல்லை. அண்டைக்குச் சொன்னது பொய்.

"மாமா, எங்க நிக்கிறியள்?" தர்மிகாதான் எடுத்தாள். "விடியத் துவங்கி அடிக்கிறன். அப்பா பெட்டியை மூட விடுறாரில்லை."

சோதிலிங்கம் வாயைத் திறந்தார். அதே நேரம் கதவும் திறந்தது. தூதரகத்து ஆட்களாக இருக்க வேண்டும், நாலு பேர் மழைக்கோட்டை உதறிக்கொண்டு உரத்த ஆங்கிலத்தில் பேசியபடி வந்தார்கள். முதலாளியம்மா அதைவிட உரத்த ஆங்கிலத்தில் அவர்களை வரவேற்றாள்.

"இங்கிலிஸ் கேக்குது" என்றாள் தர்மிகா. "மாமா, வந்திட்டியளே?"

அவளுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த ஒப்பாரி சட்டென்று நின்றது. அத்தானின் குரல் யாருக்கோ சொன்னது: "வந்திட்டான். அவன் வந்திட்டான்."

சோதிலிங்கம் நாலு பேரும் உட்காரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் பிள்ளை. வந்திட்டன்." வயரை விரலில் சுற்றினார். "இஞ்ச எயார்போட்டில மறிச்சு வச்சுக் கேள்வி கேக்கிறாங்கள். விட நேரமாகும். எனக்காக நில்லாதேங்கோ, எடுங்கோ. வாய்க்கரிசியை எனக்குப் பதிலா நீ போடு. அம்மாவின்ர காதுக்குள்ள சொல்லு, வந்திட்டான் எண்டு."

மேசைக்குத் திரும்பியபோது அங்கே பாற்சோறு இருந்தது. பரிசாரகன் வேறு மரக்கறிச் சாப்பாடு இல்லாத குறைக்குத் தானாகவே கொண்டுவந்து வைத்தானாம். ரஜிதன் அதைத் தொடவில்லை.

"பின்னேரம் அதுகள் கேட்டா என்ன சொல்லுவியள்?"

"பின்னேரம் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

பக்கத்து மேசையில் ஒருவர், மாட்டிறைச்சி எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பரிசாரகனை விசாரித்துக்கொண்டிருந்தார். பாற்சோற்றின் மேல் மெல்ல ஆடை படர்ந்தது. சோதிலிங்கம் கைக்கடிகாரத்தைக் கழற்றி, திருகியை இழுத்து, முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குச் சுற்றினார். சுவரோடு ஒத்துப்பார்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

சுவரில் ஒரு மணியானபோது கோட்டுப் பொத்தானைப் பூட்டி எழுந்து நின்றார். ஒரு கணம் தாமதித்து ரஜிதனும் பீட்சாச் சட்டையோடு எழுந்து நின்றான். இருவரும் புறப்படுகிறார்கள் என்று நினைத்த பரிசாரகன் விரைந்து போய், வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.