ஏழாவது மௌனம்

நாடகக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு மேடைக்குப் பின்னால்தான் குடித்தனம். முப்பது வருடமாக மொன்றியலில் என் கணவர் அருமைநாதன் நடித்த ஒவ்வொரு நாடகத்துக்கும் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று அடி எடுத்துக் கொடுத்தவள் நான். அவருக்கு வசனம் பாடமாக்க வராது. தடக்கினால் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். முதற்சொல்லைக் கொடுப்பேன், மிச்சம் தானாக வரும். சபைக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

இந்த முறை ஐரிஷ்காரர் ஒருவரின் நாடகம். தன் ஆங்கிலத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சில் எழுதி, பிறகு தானே அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த மனிதராம். டவுன்டவுனில் நாடகம் படித்த டினோஜன் தமிழாக்கினான், நெறியாளுகையும் அவன்தான். கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. பேச்சை விட மௌனம் கூட.

"அன்ரி, அந்த மனுசன் மௌனத்தையும் வசனம் மாதிரித்தான் எழுதினவர். உயிரோடை இருக்கேக்கை ஒண்டையும் மாத்த விடேல்லையாம். மௌனம் எண்டு போட்ட இடத்திலை அடி எடுத்துக் குடுத்திடாதேங்கோ."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. முப்பது வருடம் நின்றவளுக்குச் சொல்லித்தருகிறானாம். ஆனாலும் பிரதியில் இருந்த பதினொரு மௌனத்துக்கும் சிவப்புப் பேனையால் கோடிட்டு வைத்தேன்.

நாடகத்தன்று காலை, கர்க்லாண்டில் உள்ள எங்கள் வீட்டில் அவருடைய சேட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"புஷ்பம், தலை கொஞ்சம் சுத்துற மாதிரிக் கிடக்கு. இண்டைக்கு என்னைக் கைவிட்டிடாதையும்."

"இவ்வளவு காலமும் விடாதவள் இண்டைக்கோ விடப்போறன்?"

அன்றிரவு மேடையில், ஏழாவது மௌனம் வரும் இடத்தில், கதிரையில் இருந்தபடியே அவர் பேச்சை நிறுத்தினார். என் பக்கம் பார்த்தார். பிரதியைப் பார்த்தேன், சிவப்புக் கோடு. அடுத்த வசனத்தின் முதற்சொல் என் நாக்கு நுனியில் நின்றது. வாயைப் பொத்திக்கொண்டேன். மனுசன் என்னமாய் நடிக்கிறார் என்று பெருமைகூடப் பட்டேன், பாவி. சபை மூச்சுவிடவில்லை. கனநேரத்துக்குப் பிறகு அவர் வாய் ஒரு பக்கம் இழுபட்டது. கதிரையோடு சரிந்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதற்கேள்வி, பேச்சு எத்தனை மணிக்கு நின்றது என்பது. மூளையில் இரத்தம் அடைத்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியமாம். நான் என்ன சொல்வது? அந்த மௌனத்தில் எவ்வளவு நாடகம், எவ்வளவு நோய் என்று எனக்கே தெரியாது.

"அவர் என்னைப் பாத்தவர். நான் பேசாமல் நிண்டனான்" என்று மகள் றெஜினாவிடம் சொன்னேன். டாக்டருக்கு அதைப் பிரெஞ்சில் சொல்ல வாயெடுத்தவள் அழுதுவிட்டாள்.

இரண்டு மாதம் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வாரம் இரண்டு தரம் வீட்டுக்கு வருகிறாள். சொல்லை நான் எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். அவராகத் தேடட்டுமாம், நான் பொறுத்திருக்க வேண்டுமாம். ஊரில் எல்லோருக்கும் என் வாயை மூடுவதுதான் வேலை.

நேற்று மத்தியானம் அவருக்குச் சோறு குழைத்து வாயில் தீத்திக்கொண்டிருந்தேன். அதே பார்வை. உதடு அசைந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"தண்ணியோ?"

இல்லையென்று தலையாட்டினார்.

"நோகுதோ? றெஜினாவைக் கூப்பிடட்டோ? கிடக்கப் போறியளோ?"

இல்லை. இல்லை. அவருடைய கண் நிரம்பிவிட்டது. எனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் பிரதி இல்லை.