அடியில்லாத ஷூ

நான் ஷூ தைக்கிறவள். ஆம்பூரில் பாதிப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு, அதில் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் கம்பெனியில் ஷூ முழுசாக ஆகாது. மேல்பாகத்தை மட்டும் தைத்து, ஜோடி சேர்த்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவோம். அதற்கு அப்பர் என்று பெயர். அடியை அங்கே வைத்துக்கொள்வார்கள்.

எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள். என் பாழாய்ப்போன மண்டைதான் விடவில்லை.

"பாய், இது அங்க போய் இன்னா ஆவுது?" என்று சூப்பர்வைசர் அப்துல் வஹாபைக் கேட்டேன்.

"ஷூ ஆவுது."

"அதான், எப்பிடி ஆவுது?"

"கெசியா, பேஜார் பண்ணாதம்மா. டார்கெட் கம்மியா நிக்குது, தை."

ஹைவேஸுக்கு அந்தப் பக்கம் முழு ஷூ செய்கிற கம்பெனியும் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொன்னால் வாட்ச்மேன் உள்ளே விடுவானா? ஒருமுறை கேட்டும் பார்த்தேன். அவன் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

1998இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது பாஸ்டர் அதைச் சொன்னார். வேலூர் பக்கத்தில் ஒரு அரசு பாலிடெக்னிக்கில் காலணித் தொழில்நுட்பம், ஒரு வருடப் படிப்பு, ஜூலையில் ஆரம்பம், முழுச் செலவும் அரசாங்கத்துடையது, உதவித்தொகையும் உண்டு. பத்தாவது தேறியிருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்குள். எனக்கு ஆகஸ்டில் முப்பத்தைந்து முடிகிறது. இந்த வருடம் விட்டால் ஆயுசுக்கும் கிடையாது. அதற்குப் பிறகு பாஸ்டர் என்ன ஜெபித்தார் என்று எனக்குத் தெரியாது, நான் மனசுக்குள் வேலூர் பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்காரர் டைட்டஸ் எலக்ட்ரீசியன், நல்ல மனுஷர். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"நம்ம பொண்ணு ஒம்பதாவது. நீயும் அவளும் ஒரே பையத் தூக்கினு போவீங்களா?"

"போனா இன்னா? உங்க லஞ்ச் பாக்ஸ நீங்க கட்டிக்குங்க."

மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டுமாம். பள்ளிக்கூடம் லீவு, தலைமை ஆசிரியர் ஊரில் இல்லை. அலைந்து அலைந்து கடைசியில் கையில் கிடைத்தவர் கால்நடை மருத்துவர்தான். ஒரு சினை மாட்டைப் பார்த்துவிட்டு, கை கழுவி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "மாட்டு டாக்டரே சொல்லிட்டாரு, இனிமே யாரு இன்னா சொல்றது" என்று டைட்டஸ் ஒரு வாரம் சிரித்தார்.

நுழைவுத் தேர்வு நாளன்று அவரே டிவிஎஸ் ஃபிப்டியில் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே எல்லாம் மீசை முளைக்காத பிள்ளைகள். முதலில் படம் வரைய வேண்டும், பிறகு நேர்காணல், இரண்டுக்கும் சரிபாதி மார்க். பலகையில் ஒரே வரி எழுதியிருந்தார்கள்: ஒரு ஷூ வரைக.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இதையா கேட்கிறார்கள்? கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேனே! நாக்கு, கயிறு போடும் ஓட்டைகள், பின்பக்கத் தையல், லைனிங், இரட்டைத் தையல் ஓடுகிற இடம் என்று ஒன்று விடாமல் வரைந்தேன். பக்கத்துப் பிள்ளைகள் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நான் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

நேர்காணலில் இரண்டு பேர். ஜெபகனி மேடம் நரைத்த தலை, கட்டைக் குரல். இஷ்தியாக் அகமது சார் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். சார்தான் என் படத்தைத் திருப்பிக் காட்டினார். "இது இன்னாம்மா?"

"ஷூ சார்."

"இத போட்டுக்கினு நடக்க முடியுமா?"

குனிந்து பார்த்தேன். அடி இல்லை. குதிகால் இல்லை. தினம் என் மிஷின் மேல் எப்படிப் படுத்திருக்குமோ அப்படியே வரைந்து வைத்திருக்கிறேன். உலகத்தில் அத்தனை பேர் காலிலும் ஷூவைப் பார்த்திருக்கிறேன், ஆனால் ஷூ என்றதும் என் கைக்கு வந்தது இதுதான். முகமெல்லாம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அப்பர் கம்பெனியா?" என்றார் மேடம்.

தலையை ஆட்டினேன்.

"மேல் பாதிக்கு முழு மார்க்கு போடலாம். கீழ் பாதிக்கு சைபர்தான்" என்று சொல்லிக்கொண்டே சார் எழுதினார். வயது போகிறது, மானமும் போகிறது.

அழுதிருப்பேன். ஆனால் மேசை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த சாமானைப் பார்த்துவிட்டேன். ஒரு ஷூ, நீளவாக்கில் இரண்டாக அறுத்தது. உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. கேட்காமலே கை அதை எடுத்துவிட்டது.

"மேடம், நடுவுல இது இன்னா, இரும்பா?"

"ஆமா. ஷாங்க்குன்னு பேரு. நடக்கும்போது நடுவுல மடங்காம இருக்க."

"ஷூவுக்குள்ள இரும்பா!" காலம் பூராவும் தைக்கிறேன், எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. அப்பரின் ஓரத்தை உள்பக்கமாக மடித்து அடியோடு ஒட்டியிருந்தார்கள். தையலுக்கு வெளியே அவ்வளவு தோலை எதற்கு விடச் சொல்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. வீண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இந்த ஷேப்பு எப்பிடி மேடம் வருது?"

"கால் மாதிரியே ஒரு அச்சு இருக்கு. அத உள்ள வச்சு, அப்பர இழுத்துக் கட்டி, அடிய ஒட்டுவோம்."

"சரி. அடியும் ஒட்டியாச்சி, ஷூ கெட்டியாவும் ஆயிடிச்சி." அறுத்த ஷூவின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். "வாய் இத்துனூண்டு. அச்சு முழுக் காலு மாதிரி. அப்பறம் அத எப்பிடி வெளிய எடுக்குறது? கிழிஞ்சிடாது?"

சார் பேனாவைக் கீழே வைத்தார். மேடம் அவரைப் பார்த்தார், அவர் மேடத்தைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு.

"அத இப்ப சொல்ல மாட்டேன்" என்றார் மேடம். "ஜூலையில சொல்லித் தருவேன். போய்ட்டு வா. அடுத்த ஆள வரச் சொல்லு."

எனக்குக் கோபமான கோபம். வாய்க்குள் இருப்பதைச் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? படித்தவர்கள் என்றால் இப்படித்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே டைட்டஸ் வண்டி மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"இன்னாச்சி?"

"படம் போச்சி. பாதிதான் வரைஞ்சேன்."

"இன்டர்வியூ?"

"அதுவும் தெரியல. ஒண்ணு கேட்டேன், மேடம் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. ஜூலையிலதான் சொல்லித் தருவாங்களாம்."

டைட்டஸ் கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வண்டியை விட்டு இறங்கினார்.

"கெசியா, யாருக்குச் சொல்லித் தருவாங்களாம்?"

"எனக்குத்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அந்த ரோட்டிலேயே, லாரிகள் போக வர, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.