பூ கேட்காத வெள்ளிக்கிழமை

செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தீர்த்தகிரி கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று ஐப்பசியில் ஊரறியக் கத்திவிட்டுப் போனவர். இன்றைக்கு மனைவியின் ஸ்கூட்டி பஞ்சர். பைக்கில் கொண்டுவந்து விட வேண்டியதாகிவிட்டது.

அவருக்கும் காளியாத்தாளுக்கும் இருந்தது கொடுக்கல் வாங்கல்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். எந்தத் தோட்டங்காட்டுக்கு வண்டி அனுப்புவதென்றாலும் முதலில் ஆத்தாளிடம் பூ கேட்பார். பூசாரி கந்தன் சிலையின் இரண்டு தோளிலும் பூ வைப்பார். வலது பூ விழுந்தால் சரி, இடது விழுந்தால் வேண்டாம். மகள் கோகிலவாணி முழுகாமல் இருந்தபோது, பிள்ளை தங்குமா என்றும் கேட்டார். வலதுதான் விழுந்தது. மூன்றாம் மாதம் கரு கலைந்துபோனது. அன்றோடு ஆத்தாளுடன் பேச்சு வார்த்தை இல்லை. மனைவி வசந்தாமணி மட்டும் வெள்ளி தவறாமல் வந்துகொண்டிருந்தாள். அவருக்கு அது தாங்கவில்லை. இன்று வாசலிலேயே கேட்டுவிட்டார்.

"இன்னும் என்னத்தக் கேக்கறதுக்கு இங்க வார?"

"நா எதையும் கேக்கறதில்லீங்க."

"பின்ன எதுக்கு?"

"பாக்கறதுக்குத்தான். பாக்காம இருக்க முடியறதில்லீங்க." கைப்பையை அவர் கையில் திணித்தாள். "நீங்க புள்ளைக்குப் போன் பண்ணுனாலும் மொதல்ல, விசேஷம் ஏதாச்சும் உண்டான்னுதான கேக்கறீங்க? அதான் அவ எடுக்கறதில்ல." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தீர்த்தகிரிக்குச் சுருக்கென்றது. பொங்கலுக்குக்கூட மகள் குமாரபாளையத்திலிருந்து வரவில்லை. மாப்பிள்ளைக்குத் தறியில் வேலை அதிகம் என்று ஊரிடம் சமாளித்தவர் இவர்தான். இப்படியே மகள் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் பயம். அவள்மீது அவருக்கு உயிர். அந்த உயிரை வைத்துக்கொண்டு, போன் பண்ணும்போதெல்லாம் அவளிடமும் பூ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கைப்பையிலிருந்த மனைவியின் போனை எடுத்து அழைத்தார். அம்மா என்று நினைத்து மகள் எடுத்தாள்.

"சொல்லும்மா."

"அப்பன் பேசறேன்."

வழக்கமான கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினார்.

"சாப்புட்டியா சாமி?"

"இன்னுமில்லீங்கப்பா. கொள்ளுப் பருப்பு கடைஞ்சேன். உப்பு அதிகமாயிருச்சு."

உப்பு அதிகமானால் என்ன செய்வதென்று அவருக்கு என்ன தெரியும்? "அம்மா உள்ள இருக்கறா. குடுக்கட்டுமா?"

"வேண்டாங்கப்பா. நீங்களே பேசுங்க."

கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. அவரை வாசலில் பார்த்ததும் பழைய பழக்கத்தில் கந்தன் பூசாரி அதற்குள் இரண்டு தோளிலும் பூவை வைத்திருந்தார்.

"ஏனுங்க மொதலாளி, பூ உளுந்திருச்சு!"

எந்தப் பக்கம் என்று தீர்த்தகிரி கேட்கவில்லை. மகள் புளி கரைத்து ஊற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் போனைக் காதில் வைத்து "உம், உம்" கொட்டியபடி, ஒரு காலால் மறுகால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.