யார் சீசாவில் நீலம்?

விடிவதற்குள் கை கடுக்கத் தொடங்கிவிடும். கையில் அசிட்டோனில் கரைத்த பாலிமர் நிறைந்த கண்ணாடிக் குழாய். கீழே பாத்திரத்தில் சுழன்றுகொண்டிருக்கும் தண்ணீர். அதில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அசிட்டோன் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், பாலிமர் சேராது. தண்ணீரைக் கண்டதும் மிரண்டு, கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாகச் சுருண்டுவிடும். சுருளும்போதே கூடக் கலந்திருக்கும் மருந்தையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். புற்றுநோய்க் கட்டிவரை அதைச் சுமந்துபோய் இறக்கிவிட்டு, தானும் உடம்பிலேயே கரைந்துவிடுமாம். "நம்மள மாதிரிதான், சுமந்துட்டுக் காணாமப் போகுது" என்பாள் கூட வேலை செய்யும் நெட்டச்சி.

துகள் பொடியாக விழுந்தால், சீசாவைத் தூக்கிப் பார்க்கும்போது வெண்மையில் நீலம் ஓடும். பெருத்துவிட்டால் வெறும் வெள்ளை. எட்டு மணிக்கு முதலாளி வந்து எங்கள் நாலு பேர் சீசாவையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மூன்று மாதமாக நீலம் என் ஓரகத்தியின் சீசாவில்தான்.

"கைன்னா இது கை," என்பார். நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, மாதக் கடைசியில் நல்ல கைக்குத் தருவேன் என்று வேறு சொல்லியிருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்? அவளை இங்கே கூட்டிவந்து குழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். இப்போது மாமியார் வாசலில் நின்றுகொண்டு, "சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகப் போகுது" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்கிறார். அவள் தட்டில் சோறு போடும்போது என் கரண்டி சட்டியில் போய் இடிக்கும்.

போன வாரம் முதலாளி என் தடுப்புக்குள் வந்தார். நாலு பேருக்கும் தனித்தனித் தடுப்பு. கலக்கும் இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் என்ன நடக்கிறதென்றே தெரியாது.

"உனக்கு மட்டும் சொல்றேன்மா. புகை உறிஞ்சுற விசிறிய நிறுத்திட்டு ஊத்து. அது ஓடினா அசிட்டோன் முன்னாடியே பறந்துடுது, கரைசல் கெட்டியாகித் துகள் பெருத்துப்போகுது. யார்கிட்டயும் மூச்சு விடாத."

"வாடை தாங்காதே சார்."

"ரெண்டு மணி நேரம்தானே? நீ முன்னுக்கு வரணும்னுதான் சொல்றேன்."

அன்று தலை பாறையாகக் கனத்தது. ஆனால் சீசாவில் நீலம் ஓடியது. ஓரகத்தியின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் தலைவலி போன இடம் தெரியவில்லை. இரண்டே நாளில் நெட்டச்சி சீசாவிலும் நீலம், கண்ணாடிக்காரி சீசாவிலும் நீலம். எப்படி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தன் ரகசியத்தைச் சொல்ல வேண்டி வருமே!

இன்று ஏழு மணிக்கு, இரைச்சலையும் மீறிப் பக்கத்துத் தடுப்பில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஓரகத்தி உதடு வெளுத்துக் கீழே கிடந்தாள். அவளுடைய விசிறியும் நின்றிருந்தது. 'ஓகோ, உன் கைராசி இதுதானா!' என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கினேன். அந்த நினைப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூவருமாக அவளை முற்றத்துக்குத் தூக்கிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண் திறந்து வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குச் சொல்லி அனுப்பினோம். தகவல் தெரிந்து முதலாளி ஓடிவந்தார்.

"யாரு விசிறிய நிறுத்தச் சொன்னது? செவுத்துல எழுதிப் போட்டிருக்கேன், கண்ணு தெரியலயா?"

"நீங்கதான் சார் சொன்னீங்க," என்றேன். "எனக்கு மட்டும்னு."

மடியில் படுத்திருந்த ஓரகத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு மட்டும்னுதானேக்கா சொன்னாரு?"

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு," என்றாள் நெட்டச்சி. கண்ணாடிக்காரியும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

ஒருத்தி மேல் ஒருத்திக்கு இருந்த எரிச்சலில் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு அந்த வாடையைக் குடித்திருக்கிறோம்.

"பாத்திரத்துக்கும் குழாய்க்கும் மூடி வாங்கிப் போடுங்க சார்," என்றேன். "மூடி போட்டா விசிறி ஓடினாலும் அசிட்டோன் பறக்காது. மூடி வர்ற வரைக்கும் ஒரு சொட்டு விழாது."

"மூடி வாங்கப் பணத்துக்கு நான் எங்க போவேன்?" என்றவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "நீ விவரமானவ. நிரந்தர வேலை உனக்குத்தான், இன்னிக்கே. உள்ள வா."

பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சு துள்ளியது. மாமியார் வாசலில் என் பெருமையைப் பேசுவதுகூடக் காதில் கேட்டுவிட்டது. ஓரகத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் என் சேலையைப் பிடித்திருந்தன.

"நாலு பேருக்கும்னா சொல்லுங்க சார்."

"அப்ப நீ வாம்மா," என்று கண்ணாடிக்காரி பக்கம் திரும்பினார்.

அவள் எழுந்துவிட்டாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். முதலாளி சிரித்தார். நான் வேண்டாமென்றதை அவள் வாங்கிக்கொண்டு போகிறாளே என்று எனக்கு மறுபடி வயிறு பற்றி எரிந்தது.

உள்ளே இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு விசிறிகள் ஓடத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது.

கண்ணாடிக்காரி திரும்பி வந்தாள். "வாடை போகட்டும் சார். மூடி வரட்டும். அப்புறம் பேசலாம்."

இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அவள்மேல் பொறாமையாக இருந்தது. நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தேன்.