சார்ஜ் தீரும்வரை பெய்த மழை

செல்வக்குமாருக்கு மலைப் பைத்தியம். பரளச்சிக் கரிசலில் பிறந்தவனுக்கு எங்கிருந்துதான் இந்தக் கிறுக்குப் பிடித்ததோ! மில்லில் லீவு கிடைத்தால் போதும், மேற்கே பஸ் ஏறிவிடுவான். அந்தப் பக்கத்து உயரமான மலைகளில் ஐந்தை ஏறி முடித்தாயிற்று. ஆறாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. அதை மார்கழிக் குளிரில்தான் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

ஏறினானா? பாதி வழியில் முழங்கால் பிசகிவிட்டது. கூட வந்தவர்கள் அவனை ஒரு பாறையடியில் உட்காரவைத்து, இறங்கும்போது கூட்டிப்போகிறோம், போனை மட்டும் அணைத்துவிடாதே என்று சொல்லிவிட்டு மேலே போனார்கள். கை சும்மா இருக்குமா? பொண்டாட்டிக்கு வீடியோ கால் போட்டான்.

"புள்ள, மழையப் பாரு. என்னா போடு போடுது!"

பாண்டீஸ்வரி மழையைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று! ஐப்பசியும் ஏமாற்றி, கார்த்திகையும் ஏமாற்றி, மிளகாய்ச்செடி நின்ற நிலையில் கருகிக்கொண்டிருந்தது. போனைத் தூக்கிக்கொண்டு மிளகாய்க் காட்டுக்கு ஓடினாள். மாமனார் ஆண்டிச்சாமி கண்கொட்டாமல் பார்த்தார். பக்கத்துக் காட்டு ஜக்கம்மாள் வாங்கிப் பார்த்தாள். விறகு வெட்டிக்கொண்டிருந்தவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். சார்ஜ் பதினொரு பர்சென்ட்தான் இருக்கிறது, வைக்கிறேன் என்றான் அவன். அவள்தான், பாவி, கேட்கவில்லை.

"செத்த இருங்க, மாமா இன்னொருக்காப் பாக்கட்டும்."

மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுபோனது.

நாலு மணிக்கு, அவனோடு போன பாண்டிராஜ் கூப்பிட்டான். ஒரே மூடுபனி, பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை என்றான். பாறையடியில் செல்வம் இல்லையாம். குளிர் தாங்காமல் ஒதுங்க இடம் தேடிப் போயிருப்பான் போல. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது, கீழேயிருந்து ஆள் வந்து சேர விடிந்துவிடும், போன் அடித்தாலாவது எந்தப் பக்கம் கிடக்கிறான் என்று தெரியும் என்றான்.

"மதினி, அவன் போன்ல சார்ஜு இருந்துச்சா?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அவள் போனில் தொண்ணூறு இருந்தது. அதில் ஒன்றைக்கூட அங்கே அனுப்ப வழியில்லையே! யாரைப் போய்ப் பிடிப்பாள், எந்தக் காலைப் போய்க் கட்டுவாள்?

வானம் இங்கேயும் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது. பாண்டீஸ்வரி மேற்கே பார்த்துக் கைகூப்பினாள்.

"சாமி, மழை வேணாம். நிறுத்திரு."

வெள்ளாமைக்காரி வாயில் வரக்கூடாத வார்த்தை. மாமனார் காதில் விழுந்துவிட்டதே என்று பயந்து திரும்பினாள். ஆண்டிச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"சத்தமாக் கேளு தாயி," என்றார்.

மழை வலுத்தது.