கைய எடுங்க மாமா

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையருகே கிடைத்தது. நானாகத் தேடிப் போகவில்லை. என் மனைவி இரண்டு நாற்காலிகளை அருகருகே போட்டாள். நடுவே ஒரு டப்பாவில் இரண்டு கரண்டிகளைச் செருகினாள். "இது இடது இன்ஜின், இது வலது. சாய்ச்சா அணைஞ்சிரும். உட்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன். எழுத்தாளனுக்கு வேறென்ன வேலை?

நீல வானம் விரிந்து கிடந்த அந்தக் காலையில்... வேண்டாம். வானத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

2

அவள் விமானி. இரட்டை இன்ஜின் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் உரிமம் அவளுக்கு வேண்டும். அந்தத் தேர்வில் ஒரு கூத்து உண்டு. தேர்வாளரே இடது இருக்கையில் மாணவனாக நடிப்பார், வேண்டுமென்றே தப்புச் செய்வார். வலது இருக்கையிலிருந்து இவள் அதைத் தடுக்க வேண்டும்.

(ஒரு சின்னப் பாடம்: ஓர் இன்ஜின் நின்றால் விமானத்தின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். எதிர்ப்பக்கக் காலால் மிதித்து நேராக்க வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க இன்ஜின்தான் செத்தது. அதைத்தான் அணைக்க வேண்டும்.)

போன முறை வலது இன்ஜின் நின்றதாகப் பாவனை. நரைமீசைத் தேர்வாளரின் கை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜினை அணைக்கும் நெம்புகோலுக்குப் போனது. இவள் பார்த்துவிட்டாள். "சார், ஒருவேளை நீங்க..." என்று இழுப்பதற்குள் இரண்டு இன்ஜினும் போயிற்று, தேர்வும் போயிற்று.

"மரியாதை என்னைக் கவுத்துருச்சுங்க," என்றாள் வீட்டுக்கு வந்து. இந்த முறையும் கோட்டைவிட்டால் பயிற்சிப் பள்ளியில் அவளுக்காகக் காத்திருக்கும் ஆசிரியர் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

3

கதாநாயகியைக் கொஞ்சம் நடுங்கவைக்கலாமா? தேர்வை நினைத்து அவள் தூக்கமின்றிப் புரண்டு... அந்த வரியை அடித்துவிட்டேன். படுத்த மறுநிமிடம் குறட்டை விடுகிறவள் அவள். பாடமெல்லாம் தண்ணிபட்ட பாடு. பெரியவர்களின் கையைத் தட்டிவிடுவதுதான் வரவில்லை. என் கையை மட்டும் ஆசை தீரத் தட்டினாள்.

"உங்கள அடிக்கிறதெல்லாம் பயிற்சியாங்க?"

ஆகவே அப்பாவைக் கூப்பிட்டேன்.

4

அப்பா ஓய்வுபெற்ற நீதிபதி. வீட்டில் அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசியதில்லை.

"நான் என்னம்மா பண்ணணும்?"

"தப்பு பண்ணணும் மாமா."

"அது நமக்குப் பழக்கமில்லையே."

உட்கார்ந்தார். "வலது இன்ஜின் நின்னுபோச்சு மாமா," என்றாள். அவர் இடது காலை ஓங்கி மிதித்தார். கை நேராக இடது கரண்டிக்குப் போனது.

"மாமா, தப்பா நினைக்காதீங்க..."

கரண்டி சாய்ந்தது.

"செத்துட்டோமா?"

"செத்துட்டோம் மாமா."

மறுபடியும் செத்தார்கள். அப்பாவுக்கு இது பிடித்துப்போய்விட்டது. மூன்றாவது முறை கை நீண்டபோது, பட்டென்று ஒரு சத்தம்.

"கைய எடுங்க மாமா! எந்தக் கால் சும்மா இருக்கு? பார்த்துச் சொல்லுங்க!"

அப்பா புறங்கையைத் தேய்த்தபடி குனிந்து பார்த்தார்.

"வலது கால்." வலது கரண்டியைச் சாய்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஆட்சேபணை ஏற்கப்பட்டது," என்றார்.

அவள் கண் கலங்கச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில். நாளை காலை தேர்வுக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே படித்தவள், இரண்டையும் கிழித்தாள்.

"அவர் எப்ப, எங்க தப்பு பண்ணுவார்னு முன்னாடியே தெரிஞ்சா அது என்ன பரீட்சை? இதையெல்லாம் எழுதாதீங்க."

எழுதவில்லை. அதனால் வாசகரே, இடது இருக்கைக்கு நீங்கள் வாருங்கள். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பரவாயில்லை. வலது இன்ஜின் நின்றுவிட்டது. இடது காலை மிதித்துவிட்டீர்கள். இப்போது கையை நீட்டி இடது நெம்புகோலைத் தொட்டுத்தான் பாருங்களேன்.

அடி பலமாகவே விழும்.