தார் எத்தனை நாள், சேறு எத்தனை நாள்

இரண்டு வாரமாக மாட்டு டாக்டருக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சக்கரம்தான். சாலையில் எதிரே வருபவர் வணக்கம் வைத்தாலும் அவள் பார்வை அவருடைய வண்டியின் டயருக்குப் போய்விடும். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் ஜன்னல் வழியே வாசலில் நிற்கும் தன் பழைய ஜீப்பை எட்டிப் பார்ப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஓடைக்கு அப்பால் தனியாக மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு அம்மாள், பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று போன் செய்திருந்தாள். டாக்டர் விழுந்தடித்துக்கொண்டு கிளம்பினாள். ஓடைக் கரையில் ஜீப் அச்சு வரை புதைந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து போய்ச் சேர்ந்தபோது பசு பிழைத்துக்கொண்டது, கன்று பிழைக்கவில்லை. பண்ணைக்கார அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டாக்டருக்கு.

அவள் டயர் மாற்றப் போன கடைக்காரர் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். ஊரே அவரைக் குண்டூசி என்றுதான் கூப்பிடும். டயர் விற்கிறவருக்கு அப்படிப் பெயர் வைத்தவன் யாரோ சரியான குறும்புக்காரன். அவருக்கும் அதில் கோபமில்லை, கடைப் பலகையிலேயே எழுதி வைத்துவிட்டார்.

"வாரத்துல தார் எத்தனை நாள், சேறு எத்தனை நாள்?" என்று கேட்டார் குண்டூசி.

"எல்லா நாளும் சேறுதான். இருக்கிறதுலயே முரட்டு டயரா போடுங்க."

குண்டூசி குனிந்து பழைய டயரைத் தடவினார். "நடுப்பக்கம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு பாருங்க. காத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு தார் ரோட்டுலயே ஓட்டியிருக்கீங்க. நீங்க சொல்றது ஒண்ணு, டயர் சொல்றது ஒண்ணு."

"நான் உங்ககிட்ட வந்தது டயர் வாங்க. ஜோசியம் பார்க்க இல்ல."

அவர் சிரித்தார். ஆனால் அவள் சுவரில் மாட்டியிருந்த அகலமான ரிம்மைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. "அது வெளிய துருத்திக்கிட்டு நிக்கும் டாக்டர். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உரசும். பேரிங்குக்கும் ஆகாது."

"பரவாயில்ல, மாட்டுங்க." பழைய ரிம்கள் நான்கையும் அவர் கடையிலேயே போட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

மறுநாள் காலை அவள் கணவர் வழக்கம்போல ஜீப்பில் ஏறினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேகம் பிடித்ததும் டயர்கள் ஹோவென்று இரைய ஆரம்பித்தன. "ஹெலிகாப்டர்ல வேலைக்குப் போற வாத்தியார் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்!" என்று அவர் கத்தினார். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ரப்பர் தகரத்தில் கரகரவென்று உரசியது. அவளுக்குப் பல் கூசியது. பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மழை. கடைத்தெரு முனையில் ஒரு தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தார். அவள் பிரேக்கை மிதித்தாள். தார் ரோட்டு டயராக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். இதுவோ ஈரத் தாரில் வழுக்கிக்கொண்டே போய், சைக்கிளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. "கண்ணைப் பொடனியில வச்சிருக்கியாம்மா?" என்று தபால்காரர் கத்தினார். நனைந்த கடிதக் கட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார். அவர் போன பிறகும் அவளால் கியர் போட முடியவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த கணவர் கையை நீட்டி என்ஜினை அணைத்தார். பிறகு, "இந்த டயர் யாருக்காக?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். கன்றைப் பற்றி, ஊற்றிய தண்ணீரைப் பற்றி, பேசாத அந்த முகத்தைப் பற்றி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ நீ பார்க்க வேண்டியது அந்தம்மாவை. டயர்க்கடையை இல்ல," என்றார்.

அன்று மதியமே போனாள். மழையில் ஊறிய ஓடைக் கரையை முரட்டு டயர்கள் ஒரே மூச்சில் தாண்டின. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. பண்ணைக்கார அம்மாள் ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "நான் கூப்பிடலையே டாக்டரம்மா?"

"தெரியும். அன்னைக்கு நான் நேரத்துக்கு வரல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "நீங்களா லேட்டு? முந்தின நாள் சாயங்காலமே மாடு முக்க ஆரம்பிச்சிடுச்சு. எப்பவும் நானே இழுத்துப் போட்டுடுவேன், இதையும் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன். விடிஞ்சு, வெயில் ஏறி, கை ஓஞ்ச பிறகுதான் போன் பண்ணேன். அதை எப்படி உங்ககிட்ட சொல்றது? திட்டுவீங்கன்னு பயந்து வாயைத் திறக்கல."

டாக்டருக்கு முதலில் சுருக்கென்று கோபம்தான் வந்தது. இத்தனை நாள் தூக்கம் போனதே! அடுத்த நொடியே அந்த அம்மாளும் தூங்கியிருக்க மாட்டாள் என்று தோன்றியது. "இனிமே முக்க ஆரம்பிச்ச உடனே கூப்பிடுங்க," என்றாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. பிறகு தொழுவத்துக்குள் போய்ப் பசுவின் மடியைத் தொட்டுப் பார்த்தாள். சுரப்பு நன்றாக இருந்தது.

மறுநாள் குண்டூசியின் கடைக்குப் போனாள். அவர் கேட்கும் முன் அவளே சொன்னாள். "தினமும் தார்தான். கடைசி ரெண்டு கிலோமீட்டர் மட்டும் சேறு."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? அந்த ரெண்டு கிலோமீட்டருக்காக ஊர் முழுக்க வழுக்கிக்கிட்டுத் திரிஞ்சீங்களே!" பழைய ரிம்களை அவர் விற்கவில்லை. தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான நடுத்தர டயர்களை அவற்றில் ஏற்றினார். காற்று அளக்கும் கருவியையும், பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பையும் அவள் கையில் கொடுத்தார். "தார் முடியிற இடத்துல இறங்கி, இந்தக் கருவி பதினெட்டைக் காட்டுற வரைக்கும் காத்தைக் குறைங்க. டயர் பாதம் மாதிரி அகலமாப் படியும், சேத்துல புதையாது. திரும்பி தார் ஏறினதும் மறக்காம நிரப்பிடணும். உங்க அவசரத்துக்கு அதுதான் கஷ்டம்."

கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம், வயிறு உப்பிய ஆடு ஒன்றைப் பார்க்க அவசர அழைப்பு வந்தது. தார் முடிந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து காற்றை இறக்கினாள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அவளுக்கு ஒரு யுகம் ஆனது. அதற்குள் ஆட்டுக்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார். ஆனால் ஜீப் சேற்றில் திணறித் திணறி, ஒரே ஒரு இடத்தில் பக்கவாட்டில் சரிந்து, போய்ச் சேர்ந்துவிட்டது. வயிற்றுக்குள் குழாய் விட்டுக் காற்றை வெளியேற்றிய பத்தாவது நிமிடத்தில் ஆடு எழுந்து நின்றது. அவளுடைய சட்டைப் பொத்தானைக் கடித்துத் தின்னப் பார்த்தது.

திரும்பும் வழியில் தார் ஓரத்தில் பம்ப் கடகடத்தது. இரண்டு சக்கரம் முடிவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. எங்கோ ஒரு குதிரை நொண்டுகிறதாம். அப்படியே கிளம்பிவிடலாமா என்று கால் பரபரத்தது. சாவியை எடுத்தாள், மறுபடி பைக்குள் போட்டாள். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், நின்றாள், இன்னொரு சுற்றுச் சுற்றினாள். ஆனாலும் நான்காவது சக்கரம் நிரம்பும் வரை அவள் வண்டியில் ஏறவில்லை.